மேரி ஷார்லீப்

பிள்ளை பெற்ற சில நாளில் காய்ச்சல் கண்டு, ஜன்னி பிறந்து தாய்மார் மாண்ட காலம். ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்து உயிர்நீத்தோரும் பலர். 1866இல், புதுவைக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கல் தொலைவிலுள்ள சென்னைக்கு வழக்கறிஞரான கணவருடன் வந்த ஆங்கிலப் பெண்மணி மேரி ஷார்லீப் இதனைக் கண்டு நெஞ்சு பொறாதவரானார். பிரசவ மருத்துவமனையில் பயின்றார். 1875இல் மேலும் மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்தார். 1882இல் இலண்டனில் பட்டம் பெற்று, வியன்னாவிலும் பயின்றார். மருத்துவர்தம் கைகளே அக்காய்ச்சலைச் சுமந்து செல்வதை 1847இல் செம்மல்வைஸ் கண்டறிந்த நகரம் அது. குளோரின் நீரில் கைகழுவச் சொன்ன அவரை அந்நாளைய மருத்துவ உலகம் மதிக்காமற் போனது தனித்துயரம். சென்னை திரும்பிய மேரியின் முயற்சியால் 1885இல் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை எழுந்தது. உடல்நலம் குன்றி 1887இல் இலண்டன் சென்ற அவர் 1930இல் மறைந்தார். திருவல்லிக்கேணியில் அம்மருத்துவமனை இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயர் தாங்கி நிற்கிறது. ஊர்மக்கள் நாவில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.