காயிதே மில்லத்: தோற்ற பிறகும் அவையை விட்டு விலகாதவர்

ஆவடியிலோ அம்பத்தூரிலோ நம் கப்ருஸ்தானுக்குப் போகும் தெருவைச் செப்பனிட வேண்டியது மாநகராட்சி. அந்த இடத்தைக் கண்காணிப்பது மாநில வக்ஃப் வாரியம். வக்ஃப் சட்டத்தை இயற்றுவது பாராளுமன்றம். ஒரே இடத்துக்கு மூன்று வாசல்கள். எந்தக் கோரிக்கையை எந்த வாசலில் வைப்பது என்பதைத் தம் வாழ்க்கையால் காட்டிச் சென்றவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்).

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் ஓர் ஆலிமின் மகனாகப் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்துக்காகக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 மாகாணத் தேர்தலில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட 28 இடங்களையும் முஸ்லிம் லீக் வென்றது. சென்னை சட்டமன்றத்தில் அவர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

மறு ஆண்டு நாடு பிரிந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு என முடிவு செய்து, இந்தியாவுக்கு இவரை அமைப்பாளராக்கியது. கட்சியைக் கலைத்துவிடும்படி பலரும் வற்புறுத்திய நேரம் அது. அவர் கலைக்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. ஈமானின் உறவு எல்லைகளைக் கடந்தது. ஆனால் அரசியல் கடமை வாழும் மண்ணுக்கே உரியது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். 1962இல் சீனப் போர் மூண்டபோது தம் மகனையே படைக்கு அனுப்ப முன்வந்தார்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் முக்கியமான மூன்று கோரிக்கைகளை வைத்தார். எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று 1948 நவம்பரில் திருத்தம் கொண்டுவந்தார். தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என்றார். மொழி விவாதத்தில், பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று வாதாடினார். மூன்றிலும் சபை அவர் பக்கம் நிற்கவில்லை.

இங்கேதான் அவருடைய வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது. தோற்றவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. திருமணம், தலாக், வாரிசுரிமை போன்றவை அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இடம்பெற்றன. அதாவது, மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே அவற்றில் சட்டம் இயற்றலாம். ஆகவே இரண்டு அவைகளிலும் நம் குரல் ஒலித்தாக வேண்டும். 1952 முதல் 1958 வரை ராஜ்யசபாவில் இருந்தார். 1962, 1967, 1971 தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரி தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. மலையாள மண், தமிழர் ஒருவரைத் தன் பிரதிநிதியாக மும்முறை தேர்ந்தெடுத்தது.

மாநில அளவிலும் அவர் ஓயவில்லை. 1967இல் தமிழகத்தில் தி.மு.க.வுடன் கூட்டணி, அந்தக் கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு கேரளத்தில் லீக் ஆட்சியிலேயே பங்கேற்றது. அதன் கோரிக்கையால் 1969 ஜூன் 16 அன்று மலப்புரம் மாவட்டம் பிறந்தது. ஆட்சி அலுவலகம் மக்களின் அருகே வந்தது.

1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அவர் காலத்துக்குப் பின், 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்தது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது; பூந்தமல்லி நகராட்சியாக இருக்கிறது. நாமோ பாராளுமன்றத் தேர்தலில் வரிசையில் நிற்கிறோம்; வார்டு தேர்தலன்று வீட்டில் இருந்துவிடுகிறோம். டெல்லியில் நடப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நமக்கு, நம் வார்டு கவுன்சிலரின் பெயர் தெரிவதில்லை. நம் மஹல்லா ஜமாஅத்துகள் மஷூராவில் அமரும்போது, வாக்காளர் பட்டியலையும் பகுதி சபைக் கூட்டத்தையும் பேசுபொருளாக்கட்டும். பெரிய வாசலில் தோற்றாலும் சிறிய வாசலில் வேலை காத்திருக்கிறது. அல்லாஹ் அன்னாரின் சேவைகளை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.