ஆழிக்குமரன் ஆனந்தன்

கரிசல் காட்டில் பிறந்த நமக்கு நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். அதுவும் நல்ல மழை பெய்து கிணறு நிறைந்த ஆண்டில்தான். கடல் என்பது இராமேசுவரத்துக்கோ திருச்செந்தூருக்கோ போனால் பார்ப்பது. நம் பக்கத்துப் பாட்டன்மார் பலர் பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்குப் போனபோது தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கடலைக் கப்பலே இல்லாமல் கடந்து, திரும்பியும் வந்தவர் வி.எஸ். குமார் ஆனந்தன்.

இவர் 1943-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் பிறந்தார். ஊர், யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை. கடலோடிகளின் ஊர் அது. அங்கே கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. ஆனந்தனோ சட்டம் படித்து வழக்கறிஞரானார். ஆயினும் கடல் அவரை விடவில்லை.

1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன ஊர் அது; வரவேற்க அங்கே பழைய துறைமுகம் இல்லை. அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இத்தகைய நீச்சலில் துணைக்குப் படகு வரும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டால் முயற்சி செல்லாது. உணவையும் மிதந்தபடியே உண்ண வேண்டும். தோழியரே, தேர்வுக்காக ஓரிரவு கண்விழிக்கவே நாம் படும் பாடு நமக்குத் தெரியும். இவர் இரண்டு பகலும் இரண்டு இரவும் உப்பு நீரில் கிடந்தார்.

நீச்சலோடு நின்றாரா? 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நாள்! மறு ஆண்டு ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். தூக்கிய காலை ஊன்றிய காலின்மேல் வைக்கக் கூடாது, கோலூன்றவும் கூடாது என்பது விதி. இது என்ன வேடிக்கை என்று முதலில் எனக்குத் தோன்றியது. வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்தேன். தம்பி கடிகாரம் பார்த்தான். நான்கு நிமிடத்தில் கால் நடுங்கிவிட்டது. பிறகு சிரிக்கவில்லை. அந்தச் சாதனையை 1982-இல் 34 மணி நேரம் நின்று முறியடித்தவர் நம் சத்தியமங்கலத்துக்காரர் என்பது இன்னொரு செய்தி.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் போட்டி 1978-இல் ஹவாய்த் தீவுகளில் தொடங்கியது: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். அதில் வேகம் வேண்டும். ஆனந்தனிடம் இருந்தது வேறு. நாள் கணக்கில் தாங்கும் உடம்பும், போதும் என்று சொல்லாத மனமும்.

அந்த மனம்தான் அவரை ஆங்கிலக் கால்வாய்க்கு இழுத்துச் சென்றது. குறுகிய இடத்தில் அதன் அகலம் 33 கிலோமீட்டர்தான். பாக்கு நீரிணையை இருமுறை கடந்தவருக்கு அது பெரிதில்லை என்று நாம் நினைப்போம். ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது. அந்தக் கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். கையும் காலும் சோருமுன் குளிர் உடம்புக்குள் இறங்கிவிடும்.

1984 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அக்கடலில் இறங்கினார். வயது 41. நீந்திக்கொண்டிருக்கும்போதே நினைவிழந்தார், அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆழி என்றால் கடல். ஆழிக்குமரன் என்றே அவரை இன்றும் தமிழர் அழைக்கின்றனர்.