சிறையிலிருந்து ஒரு மனு

மலபாரில் 1904ஆம் ஆண்டு பிறந்த ஏ.கே. கோபாலன், பள்ளி ஆசிரியராக இருந்து பொதுவுடைமை இயக்கத் தலைவரானவர். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் இறுதியிலேயே சென்னை மாகாண அரசு அவரைச் சிறையிலடைத்தது. 1950 மார்ச்சு முதல் நாள், புதிய தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் மீண்டும் ஆணை வந்தது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்றது அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு.

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்து வாரங்கள்கூட நிறையவில்லை. ஆயினும், அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் உச்ச நீதிமன்றத்தையே நேரடியாக அணுகலாம் என்னும் 32ஆம் உறுப்பைக் கோபாலன் அறிந்திருந்தார்; சிறையிலிருந்தே மனுச் செய்தார். மே 19இல் வந்த தீர்ப்பு அவரை விடுவிக்கவில்லை. ஆனால், 14ஆம் பிரிவு செல்லாததாயிற்று. இதனைத் தோல்வி என்பது பொருந்தாது. தனிமனித உரிமைக்கு அத்தீர்ப்பு தந்த குறுகிய விளக்கத்தை 1978இல் உச்ச நீதிமன்றமே கைவிட்டது. கோபாலன் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்திருந்தார்.