தியோடர் போவேரி

இரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் உயிரணுக்களை நுண்பெருக்கியில் முதன்முதலாகப் பார்த்தபோது, குட்டையான நிறக்கோல் ஒன்று என் கண்ணில் பட்டது. குரோமோசோம்களைத்தான் நிறக்கோல்கள் என்கிறோம். அன்று என் நினைவுக்கு வந்தவர் போவேரி. அந்தக் குட்டைக் கோலைக் காணாமலே அதன் பொருளை உணர்ந்தவர் அவர்!

ஜெர்மனியில் பாம்பர்க் நகரில் 1862ஆம் ஆண்டு அவர் பிறந்தார். வரலாறும் தத்துவமும் கற்கப் புகுந்தவர், பின்னர் உயிரியலுக்குத் திரும்பினார். 1893இல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கடல் முள்ளெலியின் முட்டையே அவருக்கு ஆய்வுப் பொருளாயிற்று. ஒரு முட்டையில் இரண்டு விந்தணுக்கள் புகுந்தால் அது ஒரே சமயத்தில் நான்காகப் பிளக்கும். நிறக்கோல்கள் தாறுமாறாகப் பங்கிடப்படும். பெரும்பாலான கருக்கள் சீர்கெட்டு மடியும். எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொரு நிறக்கோலுக்கும் தனித்தனிப் பண்பு உண்டு என்று 1902இல் அவர் முடிவு கட்டினார். இவ்வாய்வுகளில் துணை நின்றவர் அவருடைய மனைவி மார்செல்லா என்னும் அமெரிக்க உயிரியலறிஞர்.

அந்த முட்டைகளிலிருந்து அவர் சிந்தனை புற்றுநோய்க்குத் தாவியது. நிறக்கோல்கள் பிறழ்ந்த ஒரே ஓர் உயிரணுவின் வழித்தோன்றல்களே புற்று என்று 1914இல் ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது அவரிடம் நேரான சான்று இல்லை. உடல்நலமும் குன்றியிருந்தது, அதனாலேயே 1913இல் பெர்லினிலிருந்து வந்த பெரும் பதவியை மறுத்திருந்தார். 1915இல், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார். மார்செல்லா அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1929இல் வெளியிட்டார்.

சான்று 1960இல் பிலடெல்பியாவில் கிடைத்தது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் அந்தக் குட்டை நிறக்கோலை நோவலும் ஹங்கர்போர்டும் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறக்கோல்கள் துண்டு மாற்றிக் கொண்டதன் விளைவே அது என்று 1973இல் ஜேனட் ரவுலி காட்டினார். அந்த ஒட்டில் பிறக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து 2001இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. போவேரி எண்ணியதைவிட நுண்ணிய பிழைகளும் உண்டு. சில மைலாய்டு நோய்களில் நிறக்கோல்கள் சீராகவே தோன்றும். பிழை ஒரு மரபணுவின் ஓரெழுத்தில் ஒளிந்திருக்கும். ஆயினும் பிழை உயிரணுவின் உள்ளே, அதன் மரபுப் பொருளில்தான் என்ற அவர் கருத்து நிலைத்தது.

ஆய்வுக் கூட்டங்களில், சான்று முழுமையாகவில்லை என்று அஞ்சி, தோன்றிய கருத்தைச் சொல்லாமல் நான் விழுங்கியதுண்டு. அந்தக் குட்டைக் கோலைக் கண்டபின் அவ்வாறு செய்ய மனம் வரவில்லை. காரணத்தோடு கருத்தைச் சொல்வோம், நண்பர்களே. காலம் அதைச் சோதிக்கட்டும்.