நுரையீரல் பரிசோதனை: 0.70 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் டாக்டரின் கதை

நன்றாக மூச்சை இழுத்து, குழாயில் வேகமாக ஊதச் சொல்வார்கள். பிறகு ஒரு தாளில் எண்கள் வரும். உங்கள் தாத்தாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, இருக்கிறதா இல்லையா என்பதை முடிவுசெய்வதில் அந்த எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது தெரியுமா?

யார் இந்த ஜான் ஹட்சின்சன்?

1811-இல் இங்கிலாந்தின் நியூகாஸல் அருகே பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்தார், ஆயுள் காப்புறுதி நிறுவனம் ஒன்றிலும் வேலை பார்த்தார். காசநோய் பலரைக் கொன்ற காலம் அது. யாருக்கு நோய் வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் செய்த கருவி எளிமையானது. தண்ணீரில் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம், அதற்குள் போகும் ஒரு குழாய். நீங்கள் ஊத ஊத, பாத்திரம் மேலே எழும். எவ்வளவு எழுந்ததோ அவ்வளவு காற்று. அதற்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர் வைத்தார்.

யாரையெல்லாம் ஊத வைத்தார்?

கிடைத்தவர்களை எல்லாம்! மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பாளர்கள், ஏழைகள், கனவான்கள் என்று 2,000-க்கும் அதிகமானோரை அளந்து, 1846-இல் முடிவுகளை வெளியிட்டார். உயரம் ஓர் அங்குலம் கூடினால் காற்றின் அளவு சுமார் 130 மில்லிலிட்டர் கூடியது. வயது ஏற ஏறக் குறைந்தது.

ஃப்ரீமன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர், மிகவும் உயரமானவர், அவரிடமும் ஊதிக் காட்டினார். சில ஆண்டுகளில் அவருடைய அளவு இறங்கியது. பிறகு காசநோயால் இறந்தார். உடம்பு காட்டிக்கொடுப்பதற்கு முன்பே எண் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆனால் ஹட்சின்சன் பாதியில் கிளம்பிவிட்டார். 1852-இல் குடும்பத்தை விட்டுவிட்டு, தங்கம் தேடி ஆட்கள் குவிந்த ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கிருந்து ஃபிஜி. 1861-இல் அங்கேயே காலமானார்.

சரி, 0.70 எங்கே வருகிறது?

ஹட்சின்சன் அளந்தது காற்றின் அளவை மட்டும். வேகத்தை அல்ல. 1947-இல் பிரான்ஸில் டிஃப்னோ, பினெல்லி இருவரும் முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். அதை மொத்தக் காற்றால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் விகிதம் குறையும்.

கோல்டு எனும் அனைத்துலக வழிகாட்டி 2001-இல் ஒரு கோடு போட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. எல்லா வயதுக்கும் ஒரே கோடு. ஞாபகம் வைக்கச் சுலபம்.

அதில் என்ன சிக்கல்?

வயதானால் விகிதம் இயல்பாகவே இறங்கும். 75 வயது தாத்தாவுக்கு 0.67 வந்தால், நோய் இல்லாமலேயே நோயாளி ஆகிவிடலாம். 30 வயதில் உங்களுக்கு 0.71 வந்தால், அடைப்பு தொடங்கியிருந்தும் தப்பிப்போகலாம்.

அதனால் இன்னொரு முறை உண்டு. உங்கள் வயது, உயரம், பாலினம் கொண்ட ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டு, கடைசி 5 விழுக்காட்டில் இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இதற்குப் பெயர் இயல்பின் கீழ் எல்லை.

ஆனால் யாரோடு ஒப்பிடுவது? 2012-இல் வந்த அனைத்துலக அட்டவணையில் தெற்காசியர்களுக்குத் தனிப்பிரிவே இல்லை. 2022-இல் இனம் பார்க்காத அட்டவணை வந்தது.

அப்போ எது சரி?

2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 24,000-க்கும் மேற்பட்டோரைப் பார்த்தது. சிஓபிடியால் மருத்துவமனைக்குப் போவதையும் மரணத்தையும் கணிப்பதில் 0.70 மற்ற கோடுகளைவிட மோசமில்லை என்று தெரிந்தது. ஆக, விவாதம் தொடர்கிறது.

இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். வீட்டில் யாருக்காவது அப்படி வந்தால், தாளைப் பார்த்ததும் பயப்படாதீங்க, அலட்சியமும் வேண்டாம். எந்தக் கோட்டை வைத்துச் சொல்கிறார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். இருமல், மூச்சிரைப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வயதையும் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது ஹட்சின்சன் அன்றே காட்டிய வழிதானே!