வேம்பின் கசப்பை ஆராய்ந்த அறிஞர்

அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கத்தை நம் பெற்றோர் அனைவரும் அறிவர். சிரங்குக்கு வேப்பெண்ணெய் பூசினோம். பல் துலக்க வேப்பங்குச்சி ஒடித்தோம். ஆயின் அக்கசப்பினுள் இருப்பது யாது என வினவியோர் மிகச் சிலரே. வினவி விடை தேடியவர்களுள் முன்னவர் கலாநிதி சலீமுஸ்ஸமான் சித்தீக்கி.

1897 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19 ஆம் நாள், வட இந்தியாவில் இலக்னோவுக்கு அண்மையிலுள்ள சுபேகா என்னும் ஊரிற் பிறந்தார். அலிகாரில் அவர் கற்றவை தத்துவமும் பாரசீக மொழியும். (பிள்ளை எதைப் படிப்பதென்று ஐந்து வயதிலேயே முடிவுசெய்யும் பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக.) 1920 இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றவர், மறு ஆண்டே ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரை அடைந்து, இரசாயனவியலில் 1927 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தம் ஓவியங்களையும் காட்சிக்கு வைத்தார்.

நாட்டு மூலிகைகளை இரசாயன முறையில் ஆராய வேண்டும் என்பது டில்லி யுனானி மருத்துவ மேதை ஹக்கீம் அஜ்மல் கானின் அவா. அவர் 1927 இறுதியில் மறைந்தார். அவர் நிறுவிய திப்பியாக் கல்லூரியில் அப்பணியைச் சித்தீக்கி மேற்கொண்டார். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931 இல் பிரித்தெடுத்த பொருளுக்கு அப்பெரியாரின் பெயரால் அஜ்மலின் எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு அது மருந்தாயிற்று.

1942 இல் வேப்பெண்ணெயிலிருந்து மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்தார். அவை நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்பன. எண்ணெயை ஈதர், அல்ககோல் முதலிய திரவங்களோடு சேர்த்துக் குலுக்கினால், ஒவ்வொரு திரவமும் தனக்கேற்ற பொருளைத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். திரவத்தை ஆவியாக்கி, எஞ்சுவதை மீண்டும் மீண்டும் தூய்மை செய்வர். இம்மூன்றனுள் நிம்பிடின் பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்க வல்லது.

மாணவர் இங்கு மயங்கலாகாது. பெனிசிலின் பூஞ்சணத்திலிருந்து வந்தது. ஸ்ரெப்ரோமைசின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து வந்தது. அவற்றுக்கு ஈடானதொரு மாத்திரை வேம்பிலிருந்து இன்றுவரை கிட்டவில்லை. கண்ணாடிக் குழாயிற் கிருமியைத் தடுப்பது வேறு. நோயாளியின் உடலுக்குத் தீங்கின்றிச் செயற்படுவது வேறு. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குப் பருக்குவது உயிருக்கே ஆபத்தாகலாம். வேம்பு இருக்க வைத்தியர் எதற்கு என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று.

1951 இல், பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்றுச் சித்தீக்கி கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். ஐம்பது வயது கடந்தபின் வேறொரு நாட்டில் அனைத்தையும் புதிதாகத் தொடங்குவதன் பாரம் நம்மிற் பலருக்கு விளங்கும். அங்கு 1953 இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபையை நிறுவினார். 1961 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது.

ஓய்வுபெற்ற பின்னரும் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். எண்பது வயதைத் தாண்டிய நிலையில், மாணவர்களுடன் மீண்டும் வேம்பையே எடுத்துக்கொண்டு, இலையிலும் கனியிலும் பல புதிய சேர்வைகளைக் கண்டறிந்தார். 1994 ஏப்பிரல் 14 ஆம் நாள், தமது 96 ஆவது வயதிற் கராச்சியிற் காலமானார்.