திரும்பி வரத் தெரிந்தவர்

பாதையே இல்லாத நிலம். முகத்தில் அறையும் முட்புதர்கள். அடுத்த வாய் நீர் எங்கே கிடைக்கும் என்று தெரியாது. இப்படிப்பட்ட பயணத்திற்கு முதலில் எதைத் திட்டமிட வேண்டும்? ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

1815-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், 1839-இல் தென் ஆஸ்திரேலியாவில் குடியேறி நில அளவைப் பணியில் ஈடுபட்டார். 1844-இல் சார்ல்ஸ் ஸ்டர்ட்டின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். கண்டத்தின் நடுவே கடல் இருக்கும் என நம்பிய ஸ்டர்ட், படகையும் சுமந்து சென்றார். அவர்கள் கண்டதோ மணல்மேடுகளைத்தான். ஸ்கர்வி நோய் குழுவை வாட்டியது. அதிகச் சுமை ஆபத்து என்பதை ஸ்டூவர்ட் அங்கேதான் கற்றார்.

அதனால், 1860-இல் கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டபோது இரண்டே துணைவர்களையும் 13 குதிரைகளையும் மட்டும் அழைத்துச் சென்றார். ஏப்ரலில் கண்டத்தின் நடுப்பகுதியை அடைந்தார். அது ஆளில்லா நிலமன்று. ஜூன் மாதம், தங்கள் மண்ணைக் காக்க வாருமுங்கு மக்கள் எதிர்த்தனர். உணவும் குறைந்திருந்தது. ஸ்டூவர்ட் திரும்பினார்.

1861-இல் மீண்டும் சென்றார். நியூகாசல் வாட்டர்ஸ் பகுதிக்கு அப்பால் அடர்ந்த புதர்க்காடு வழிமறித்தது. பல திசைகளில் முயன்றும் வழியில்லை. கையிருப்பு உணவைக் கணக்கிட்டார், மறுபடியும் திரும்பினார்.

அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாம் முயற்சி தொடங்கியது. இம்முறை புதர்க்காட்டைச் சுற்றி நீர்நிலைகளைத் தேடித் தேடி முன்னேறி, 1862 ஜூலை 24-இல் வடகடலைத் தொட்டார். திரும்பும் வழியில் நோயுற்று, பார்வை மங்கி, இரு குதிரைகளுக்கிடையே கட்டிய தூளியில் சுமக்கப்பட்டார். ஆயினும் 1858 முதல் 1862 வரை தாம் நடத்திய ஆறு பயணங்களில் ஓர் ஆளைக்கூட அவர் பலிகொடுக்கவில்லை.

1860-இல் மெல்பர்னிலிருந்து ஒட்டகங்களோடும் ஏறத்தாழ 20 டன் பொருள்களோடும் புறப்பட்ட பெர்க்கின் குழுவை நினைத்துப் பாருங்கள். தலைவர் பெர்க்கே 1861-இல் உணவின்றி மாண்டார்.

உடல்நலம் முற்றும் குன்றிய ஸ்டூவர்ட், 1866-இல் லண்டனில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் பெரும்பாலும் அவர் கண்ட வழியிலேயே 1872-இல் தந்திக் கம்பி நீண்டது. இன்று டார்வினுக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நண்பர்களே, பாதி வழியில் திரும்புவதை நாம் தோல்வி என்கிறோம். ஸ்டூவர்ட்டுக்கோ அது திட்டத்தின் ஒரு பகுதி. திரும்பி வந்ததால்தான் அவரால் மீண்டும் புறப்பட முடிந்தது.